அலாஸ்கன் மலமியூட் வாங்க நினைக்கும் கனடாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று வளவுள்ள வீடுகளுக்குக் குடிபோன எங்கள் குடும்பங்களில் நாய் வளர்ப்பது இப்போது புதினமில்லை. அவர்களில் சிலர் எடுத்த எடுப்பிலேயே மலமியூட்தான் வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ஓநாய் மாதிரிக் கம்பீரம், வீட்டுக்குக் காவல், கனடாக் குளிருக்குத் தோதான நாய் என்று பதில் வருகிறது. கம்பீரம் உண்மை. காவல் என்பது முழுப் பிழை. குளிருக்குத் தோது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி ஜூலை மாதத்தில் தெரியவரும். மலமியூட் வளர்ப்பவர்கள், நாய்களுக்கு முடி சீவிக் குளிப்பாட்டும் தொழில் செய்பவர்கள், கைவிடப்பட்ட நாய்களைப் பொறுப்பெடுப்பவர்கள் என்று நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். குட்டிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாரும் இதை வாசிக்க வேண்டும். பகலில் நாயோடு வீட்டில் நிற்கப்போகிற அம்மம்மாவும் அப்பப்பாவும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இது பாரம் இழுக்கிற நாய். அலாஸ்காவின் வடமேற்கில் கொட்செபூ சவுண்ட் என்ற கடற்பரப்பை அண்டி வாழ்ந்த மலமியூட் இனுபியாட் மக்கள் வளர்த்தெடுத்தது. வேட்டையாடிய சீல் இறைச்சியையும் வீட்டுச் சாமான்களையும் முகாமிலிருந்து முகாமுக்கு உறைபனியில் இழுத்துப் போவதுதான் அதன் வேலை. 1890களின் கடைசியில் கனடாவின் யூக்கொன் பகுதியில் நடந்த குளொண்டைக் தங்க வேட்டைக்கு வந்தவர்கள் கையில் கிடைத்த நாய்களோடெல்லாம் கலந்து வம்சத்தைக் குழப்பினார்கள். மிஞ்சிய நல்ல நாய்களிலிருந்து மீட்டெடுத்த இனத்தை, நாயினங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1935இல் அங்கீகரித்தது. 2010இல் அலாஸ்கா இதைத் தன் மாநில நாயாக அறிவித்தது. அந்த யோசனையை முன்வைத்தவர்கள் அங்கரேஜ் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சைபீரியன் ஹஸ்கியும் இதுவும் ஒன்றல்ல. ஆண் ஹஸ்கி 45 முதல் 60 இறாத்தல். இலேசான சுமையோடு நெடுந்தூரம் வேகமாக ஓடும். மலமியூட் மெதுவாகப் போகும், ஆனால் கனத்த பாரத்தை இழுக்கும். இனத் தரப்படி ஆண் நாயின் தோளுயரம் 25 அங்குலம், எடை 85 இறாத்தல். பெண் 23 அங்குலம், 75 இறாத்தல். கிலோவில் சுமார் 38, 34. கண் மண்ணிறமாக இருக்க வேண்டும். நீலக் கண் இருந்தால் கண்காட்சியில் தகுதிநீக்கம். ஆகவே ‘நீலக் கண் மலமியூட், விலை கூட’ என்று யாராவது விற்றால் அவர் விற்பது பெரும்பாலும் ஹஸ்கிக் கலப்பு. ‘ஜயன்ட் மலமியூட்’ என்று 130, 140 இறாத்தல் கணக்குச் சொல்லி விற்பவர்களையும் நம்ப வேண்டாம். அலாஸ்காவில் பாரம் இழுத்த நாய் அந்தப் பருமனில் இருக்கவில்லை. அவ்வளவு எடையை இடுப்பு மூட்டு தாங்காது, வெயிலை உடம்பு தாங்காது, மிருக வைத்தியர் கட்டணமும் மருந்தளவும் எடைக்கேற்ப ஏறும்.

காவல் கதைக்கு வருவோம். மலமியூட் மனிதர் எவரையும் கண்டால் சந்தோஷப்படுகிற சாதி. கள்ளன் வந்தால் வாலாட்டி வரவேற்கும். அவன் கையில் ஒரு துண்டு இறைச்சி இருந்தால் அலுமாரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும். குரைப்பதும் குறைவு. ஆனால் சத்தமில்லாத நாய் என்று நினைத்துவிடாதீர்கள்: ‘வூ வூ’ என்று உங்களோடு கதைக்கும், தனியே விட்டால் ஊளையிடும், தெருவில் அம்புலன்ஸ் போனால் கூடச் சேர்ந்து பாடும். டவுன்ஹவுஸில் ஒட்டுச்சுவருக்கு அப்பாலிருக்கும் அயலவர் இரண்டு கிழமை பொறுப்பார், பிறகு நகரசபைக்கு அறிவிப்பார். சங்கிலியில் கட்டிவைத்தால் மூர்க்கமாகும், காவல் காக்கும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு இங்கே செய்துபார்க்க வேண்டாம். கூட்டமாக வாழப் பழகிய நாயைத் தனியே கட்டினால் அது காவல்நாய் ஆகாது. பயமும் விரக்தியும் பிடித்த 38 கிலோ நாய் ஆகும். வீட்டுக்குக் காவல் தேவையென்றால் கமரா பூட்டுங்கள்.

மனிதரிடம் காட்டும் இந்தத் தாராளத்தை மற்ற மிருகங்களிடம் எதிர்பார்க்க முடியாது. அணில், முயல், பூனை எல்லாம் அதற்கு வேட்டை. குட்டியிலிருந்தே ஒரே வீட்டில் வளர்ந்த பூனையோடு சில மலமியூட்கள் ஒத்துப்போகும். அதே நாய் அயல்வீட்டுப் பூனையை விடாது. ஒரே பால் நாய்களோடு சண்டை இந்த இனத்தில் சர்வசாதாரணம். இரண்டு ஆண் குட்டிகளை, அல்லது இரண்டு பெண் குட்டிகளைச் ‘சோடியாக விளையாடட்டும்’ என்று எடுத்த வீடுகளில் முதல் பெருஞ்சண்டை ஒன்றரை, இரண்டு வயதில் வரும். பிறகு ஒரு நாய் மேலே, ஒரு நாய் பேஸ்மென்டில் என்று வீட்டைப் பிரித்து ஆயுள் முழுக்கக் கதவு பூட்டித் திறந்துகொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டாவது நாய் வேண்டுமென்றால் எதிர்ப்பால், அதுவும் முதல் நாய் இரண்டு வயது தாண்டிய பிறகு.

வாரை அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டதும் திரும்பி வரும் என்று எந்தப் பயிற்சியாளர் உறுதி சொன்னாலும், வேலியில்லாத இடத்தில் மலமியூட்டை அவிழ்க்காதீர்கள். முயல் ஓடினால் உங்கள் குரல் அதற்குக் கேட்காது. ரொறன்ரோவில் பொது இடத்தில் நாயை 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் பிடித்திருப்பதுதான் சட்டமும். இழுக்க இழுக்க நீளும் சுருள் வார் இந்த நாய்க்கு உதவாது: எட்டடி ஓடி வேகம் எடுத்த 38 கிலோ அதன் முனையில் நிற்கும்போது மெல்லிய நூல் உங்கள் விரலை அறுக்கும், அல்லது பிடி கையை விட்டுப் பறக்கும்.

இழுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் முறைப்பாடுகளில் பாதி இதுதான், அடிபடுவதும் வயதானவர்கள்தான். ஜனவரியில் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருக்கும். அதில் ஒரு மலமியூட் அணிலைக் கண்டு ஒரு தரம் இழுத்தால் எழுபது வயது அப்பப்பா நேரே இடுப்பில்தான் விழுவார். நாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கழுத்திலோ நெஞ்சிலோ பட்டி இறுகினால் முன்னுக்குத் தள்ளு என்று அதன் உடம்புக்குத் தெரியும். ஆகவே நடைக்கும் இழுப்புக்கும் வெவ்வேறு உபகரணம் வைத்துக்கொள்ளுங்கள். நடைக்குப் போகும்போது வார் நெஞ்சுப் பக்கம் கொழுவும் ஹார்னஸ். இழுத்தால் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடும். வேலைக்குப் போகும்போது முதுகின் பின்பக்கம் கயிறு கொழுவும் இழுவை ஹார்னஸ். எந்தப் பட்டி மாட்டினால் எந்த வேலை என்பதை மலமியூட் சில கிழமைகளில் பிரித்தறிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பட்டியைப் பாவித்தால் அதற்கு எப்போதும் வேலை நேரம்தான். இந்தப் பழக்கம் முழுதாகப் படியும் வரைக்கும், பிறகும் ஐஸ் நாட்களிலும், பலமுள்ள ஒருவர் மட்டுமே நாயைக் கொண்டுபோக வேண்டும்.

ஏவல் சொற்களையும் வீட்டில் ஒருமுறை கூடியிருந்து தீர்மானியுங்கள். அம்மம்மா ‘இரு’ என்கிறார், பேரன் ‘சிட்’ என்கிறான், அப்பா ‘இரடா’ என்கிறார். குட்டி மூன்றையும் விட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கிறது. எந்த மொழியானாலும் ஒரு செயலுக்கு ஒரே சொல். அடித்துப் பழக்கினால் இந்த இனம் பிடிவாதம் பிடிக்கும், சில நாய் திருப்பிக் கடிக்கும். சாப்பாட்டுத் துண்டு கொடுத்து, ஐந்து நிமிடம் மட்டும், நாளுக்கு மூன்று நான்கு தடவை பழக்குங்கள். ஒரே பயிற்சியைப் பத்துத் தரம் செய்யச் சொன்னால் மலமியூட் நான்காம் தரமே எழும்பிப் போய்விடும். அதை மொக்கு என்று நினைக்க வேண்டாம், அலுப்பு.

சாப்பாட்டில் வெறி உள்ள நாய். கிண்ணத்துக்குக் கிட்டப் போனால் உறுமும் பழக்கம் பலவற்றுக்கு வரும். கிண்ணத்தைப் பறித்து ‘ஆர் பெரியவன்’ என்று காட்டினால் உறுமல் கடியாக மாறும். குட்டியிலிருந்தே அது சாப்பிடும்போது பக்கத்தில் நடந்துபோய் இன்னும் ருசியான ஒரு துண்டைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு வாருங்கள். மனிதர் கிட்ட வந்தால் நட்டமில்லை என்று பழகும். சிறு பிள்ளைகளை நாய் சாப்பிடும் இடத்துக்கு விடவே கூடாது.

உடற்பயிற்சி என்றால் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் அல்ல. வளர்ந்த மலமியூட்டுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும், அதில் ஒரு பகுதி வேலையாக இருந்தால் நாய் வீட்டில் அமைதியாகப் படுக்கும். எலும்பு வளர்ச்சி முடிய ஏறக்குறைய ஒன்றரை வயதாகும். அதற்கு முன் பாரம் இழுக்கவோ சைக்கிளோடு ஓடவோ விட வேண்டாம். அதன் பிறகு முதலில் ஹார்னஸும் வெறுங்கயிறும் மட்டும். பிறகு கயிற்றில் 2, 3 கிலோ மரக்கட்டை. பின்னால் வரும் சத்தத்துக்குப் பயம் தெளிந்தபின் பழைய கார் டயர். அதையும் பத்து நிமிடத்தில் நிறுத்தி, வாரக்கணக்கில் கூட்டுங்கள். பனி விழுந்தால் பிள்ளைகளின் சறுக்குப் பலகையைக் கட்டலாம். ஆனால் சரிவில் பலகை நாயின் பின்னங்காலில் வந்து மோதாமல் ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை மோதினால் பிறகு ஹார்னஸைக் கண்டாலே ஒளிக்கும். வெப்பநிலை 15 பாகைக்கு மேல் என்றால் இழுவை வேலை இல்லை.

வேலி ஆறடிக்குக் குறையக் கூடாது. ஆறடி வேலியும் மார்கழியில் நாலடி ஆகிவிடும்: வழியில் கிடந்த பனியை அள்ளி வேலியோரம் குவித்தால் அது நாய்க்குப் படிக்கட்டு. பனியை வளவின் நடுவில் குவியுங்கள். மலமியூட் பாய்வதை விடத் தோண்டுவது அதிகம். வேலியடியில் கம்பி வலையை ‘எல்’ வடிவில் மடித்து, கிடையான பக்கம் இரண்டடி உள்நோக்கி வருமாறு மண்ணுக்குள் தாழ்த்துங்கள். தோண்டுவதை முழுதாக நிறுத்த முடியாது. நிழலான மூலையில் ஆறடிக்கு ஆறடி மணற்குழி ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, உள்ளே விளையாட்டுச் சாமான்களைப் புதைத்துவைத்தால் உங்கள் கத்தரி, மிளகாய்ப் பாத்தி தப்பும். படலைக்குப் பூட்டுப் போடுங்கள். மீற்றர் பார்க்க வருபவர் திறந்துவிட்டுப் போன படலையால் ஓடிப்போன நாய்கள் பல.

இனி ஜூலை மாதம். ரொறன்ரோக் கோடையில் 30 பாகையும் அதன் மேல் ஈரப்பதமும் சேரும் நாட்கள் வருடாவருடம் வரும். நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, நாக்கிலும் தொண்டையிலுமுள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. ஆகவே 34 பாகை வறண்ட நாளை விட 29 பாகை புழுக்கமான நாள் மோசமாக இருக்கலாம். வானிலை அறிக்கையில் ஹியூமிடெக்ஸைப் பாருங்கள், அது ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணரும் வெப்பத்தைச் சொல்லும். நடை காலை ஏழுக்கு முன், இரவு ஒன்பதுக்குப் பின். தார்த் தெருவில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதில் வைக்க முடியாது. வீட்டில் ஏசி கட்டாயம்; மின்சாரக் கட்டணம் பார்த்து ஏசியை நிறுத்துகிற வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம்.

வெப்பத் தாக்கம் வந்தால் அறிகுறி: நிற்காத பெருமூச்சு, நூல்நூலாய்த் தடித்த எச்சில், சிவந்த பல்முரசு, தள்ளாட்டம், வாந்தி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும். குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் தொடர்ந்து ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிப் பிடியுங்கள். மலமியூட்டின் உள்முடி எண்ணெய்ப்பசை உள்ளது, தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். முடியை விரலால் பிரித்துத் தோலில் படும்படியும் வயிறு, கவட்டுப் பக்கங்களிலும் ஊற்ற வேண்டும். ஈரத் துவாயால் போர்த்தி விட்டுவிட வேண்டாம், அது சூட்டை உள்ளே அடைக்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, ஏசி போட்ட காரில் வைத்தியசாலைக்குப் போங்கள். எழுந்து நடந்தாலும் போங்கள். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறையாமையும் அடுத்த நாளும் வெளிப்படலாம்.

குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறான இரக்கம் தொடங்கும். மைனஸ் 20இல் நாய் பனியில் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு படுத்திருக்கும். அம்மம்மா பாவம் பார்த்து உள்ளே கூப்பிடுவார். அது வராது. வரத் தேவையுமில்லை, உடம்பு உலர்ந்த, வளர்ந்த, சுகமான நாயாக இருந்தால். வீட்டுக்குள் 23 பாகையில் ஹீட்டர் ஓடுவதுதான் அதற்குக் கஷ்டம். மாபிள் தரையிலோ கதவோரத்திலோ படுப்பதற்கு இடம் விடுங்கள். குட்டி, கிழநாய், நனைந்த நாய் மூன்றையும் வெளியே விட வேண்டாம். வெளியில் வைக்கும் தண்ணீர் உறையாமல் சூடாக்கும் கிண்ணம் வேண்டும். பனியைத் தின்று தாகம் தீர்க்கட்டும் என்று விடுவது சரியல்ல. தெருவில் தூவும் உப்பு பாதத்தை அரிக்கும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டு நீரில் நான்கு பாதங்களையும் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். விரலிடையில் வளரும் முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிட்டால் ஐஸ் உருண்டை கட்டாது. உடம்பில் கத்தரி படலாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே இடம் அதுதான். கராஜில் அன்ரிஃபிரீஸ் சிந்தினால் உடனே துடையுங்கள்; இனிப்பான அந்தத் திரவம் சிறிதளவே சிறுநீரகத்தைக் கொல்லும்.

சாப்பாடு. எங்கள் வீடுகளில் பிழை மலிந்த இடம் இது. மலமியூட் தன் பருமனுக்குக் குறைவாகவே சாப்பிடும். 38 கிலோ நாய்க்கு நாளுக்கு 1,400 முதல் 1,600 கிலோகலோரி போதும். பைக்கற் உணவில் ஒரு கோப்பைக்கு 350 முதல் 400 இருக்கும், எனவே நான்கு கோப்பைக்குள். பையின் பின்னால் அச்சிட்ட அளவு பெரும்பாலும் கூடுதல். முடி அடர்த்தியால் கொழுப்பைக் கண்ணால் காண முடியாது: விலாவில் கையை வைத்து இலேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். அமர்த்தித் தேட வேண்டியிருந்தால் நாய் பெருத்துவிட்டது. கேட்கும் போதெல்லாம் கொடுத்தால் அது எப்போதும் கேட்கும்.

சோற்றில் குழம்பு விட்டுப் பிசைந்து கொடுப்பதை நிறுத்துங்கள். குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் தூளாக்கினாலும் நஞ்சு போகாது. தூளில் இன்னும் செறிவு. ஒரேயடியாக நிறையத் தின்றாலும், நாள்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகப் போனாலும் ஆபத்துத்தான். முரசு வெளிறுவதும் சிறுநீர் கறுத்துச் சிவப்பதும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால் முந்தின கிழமைக் கறியை யாரும் நினைப்பதில்லை. முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதன் வற்றலும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்: பாயாசம், பிறந்தநாள் கேக், கலியாண வீட்டிலிருந்து கடதாசியில் சுற்றி வந்து மேசையில் கிடக்கும் ரிச் கேக் துண்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராக உடையும். சொக்லேட், சைலிற்றோல் என்ற செயற்கை இனிப்புச் சேர்த்த சுவிங்கம் வேண்டவே வேண்டாம். மலமியூட்டின் மூக்கு சமையலறை மேசைக்குச் சரியான உயரம். பின்னங்காலில் நின்றால் அடுப்புத் தட்டும் எட்டும். கதவு போடுங்கள், அல்லது தடுப்புப் படலை வையுங்கள்.

சோற்றுக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு, இது வடதுருவ இனங்களில் விசேடமாகக் காணப்படுவது. மலமியூட், ஹஸ்கி இரண்டிலும் சில நாய்களின் குடல் சிங்க் சத்தைச் சரியாக உறிஞ்சாது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைற்றேற்று என்ற பொருள் சிங்கை உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும். மேலதிக கல்சியமும் அப்படியே. விளைவு: கண்ணைச் சுற்றி, வாயோரம், மூக்கு, பாதத்தின் அடியில் பொருக்குக் கட்டி முடி உதிரும், குளிர்காலத்தில் கூடும். சொறி என்று நினைத்து எண்ணெயும் மஞ்சளும் பூசிக் காலம் கடத்துகிறார்கள். மிருக வைத்தியர் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து உறுதிசெய்வார். சிங்க் மாத்திரையின் அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும், கூடினால் சிங்கும் நஞ்சு.

குட்டிக்கு ‘எலும்பு பலப்படட்டும்’ என்று பாலும் கல்சியம் மாத்திரையும் கொடுக்காதீர்கள். பெரிய இனக் குட்டியின் குடல் கூடுதல் கல்சியத்தை மறிக்காமல் உறிஞ்சிவிடும். மூட்டுகள் கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த உணவை மட்டும் கொடுங்கள், அதில் அளவு கணக்காக இருக்கும். மேலதிகமாக ஏதாவது கொடுக்க மனம் கேட்டால் அவித்த முட்டை, தண்ணீரில் அடைத்த உப்பில்லாத ரின்மீன். இதன் முன்னோர் மீனும் சீல் கொழுப்பும் தின்று வளர்ந்தவை. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறியானாலும் நாய்க்கு விரதமில்லை. அதன் கிண்ணத்தைச் சாமியறைக்குத் தூரமாக வையுங்கள், பிரச்சினை முடிந்தது.

நாளுக்கு இரண்டு வேளை கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை வாயு நிரம்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல், அமைதியின்றி நடந்துகொண்டிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 24 மணி நேர அவசர வைத்தியசாலை எது, எத்தனை நிமிடத் தூரம் என்று நாய் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

முடி. வெளிமுடி முரடு, உள்முடி ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை அடர்ந்த கம்பளி. சாதாரண நாட்களில் கிழமைக்கு இரண்டு மூன்று முறை சீவினால் போதும். இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் உள்முடி கொத்துக் கொத்தாகக் கழரும். மூன்று கிழமை அளவில் நீடிக்கும். அப்போது நாள்தோறும் அரை மணி நேரம்: முதலில் அண்டர்கோட் ரேக் (உள்முடியை இழுத்தெடுக்கும் வாரி), பிறகு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்களுள்ள பிரஷ்), கடைசியாக இரும்புச் சீப்பு. சீப்பு தோல்வரை தடையின்றிப் போனால்தான் வேலை முடிந்தது. பிரஷ் மேலோடு ஓடி, காதின் பின்னும் பின்தொடையிலும் உள்ளே கட்டி நிற்பது வழமை. சோற்றில் முடி கிடந்தால் முகம் சுளிக்கிற குடும்பம் இந்த மூன்று கிழமையை யோசித்துப் பார்க்கட்டும்.

குளிப்பாட்டுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். சீவாமல் நனைத்தால் கட்டிய முடி இறுகிவிடும், ஆகவே சீவியபின் தண்ணீர். குளித்தபின் தோல்வரை உலர வேண்டும். முடி வெட்டும் கடைகளிலுள்ள பெரிய புளோவர் இல்லாமல் வீட்டுத் துவாயால் அது நடக்காது. உள்ளே ஈரம் நின்றால் தோல் அழுகி இரண்டு நாளில் புண் பரவும். கோடையில் ‘பாவம், வேர்க்கும்’ என்று மொட்டை அடிக்கச் சொல்லி வருபவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே: அடிக்க மாட்டோம். நன்றாகச் சீவிக் கழன்ற உள்முடியை எடுத்துவிட்டால் காற்று தோலுக்குப் போகும், வெளிமுடி வெயிலை மறிக்கும். வழித்தால் தோல் வெயிலில் எரியும், முடி திட்டுத் திட்டாக வளரும், சிலவற்றுக்கு வெளிமுடி திரும்ப வருவதேயில்லை. ரூஜ் பூங்காப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் காதடி, கழுத்து, கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி பாருங்கள். அங்கே லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது, இந்த முடிக்குள் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

குட்டியை எங்கே வாங்குவது? தாய் நாயைக் காட்டாதவர், கராஜிலோ வாகனத் தரிப்பிடத்திலோ சந்திக்கச் சொல்பவர், எட்டு வாரத்துக்கு முன் தருகிறேன் என்பவர் எவரிடமும் வேண்டாம். தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே சான்றிதழ் கேளுங்கள்; ஓஎஃப்ஏ என்ற அமெரிக்க அமைப்பு தரும் இறுதிச் சான்று 24 மாதத்துக்குப் பிறகே கிடைக்கும், ஆகவே அந்த வயதுக்கு முன் குட்டி போட்ட தாய்க்கு அது இருந்திருக்க வாய்ப்பில்லை. கண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். இரண்டு மரபணுச் சோதனைகளும் வேண்டும்: ஒன்று பகற்குருடு, வெளிச்சத்தில் குட்டி தடுமாறும், மங்கலில் சாதாரணமாக நடக்கும், மற்றது பொலிநியூரோபதி என்ற நரம்பு நோய், ஒரு வயதை அண்டிய நாட்களில் பின்னங்கால் வலுவிழக்கும். இரண்டும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டியில் வெளிப்படும். பெற்றோர் பார்வைக்கு நல்ல சுகமாக இருப்பார்கள். சோதனைத் தாள் மட்டுமே உண்மை சொல்லும்.

‘பேப்பரோடு ஒரு விலை, பேப்பரில்லாமல் ஒரு விலை’ என்பவரைக் கண்டால் திரும்பி வாருங்கள். கனடாவின் அனிமல் பெடிக்ரி சட்டப்படி, தூய இனம் என்று சொல்லி விற்ற நாயின் பதிவுச் சான்றிதழை விற்றவர் ஆறு மாதத்துக்குள் வாங்கியவர் பெயரில் கொடுக்க வேண்டும். அதற்குத் தனிக்காசு கேட்பவர் முதல் நாளே உங்களுக்குத் தன்னை அடையாளம் காட்டிவிட்டார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஐந்து ஆறு கிழமை போகிறார்கள், அதுவும் பள்ளிக்கூடம் பூட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதத்தில். அந்தக் காலம் முழுக்க ஏசியுள்ள நாய் விடுதி, அல்லது இந்த இனத்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் வேண்டும். மாமா வீட்டுப் பேஸ்மென்டில் விட்டுவிட்டுப் போகும் நாய் அல்ல இது. பயணச்சீட்டோடு விடுதிச் செலவையும் கூட்டிப் பாருங்கள். 10 முதல் 14 வருடம் இந்தக் கணக்கு ஓடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: குட்டியின் படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். வளர்ந்த மலமியூட் உள்ள ஒரு வீட்டுக்கு ஒரு கோடை மாலையிலும், முடி கழரும் கிழமையில் ஒரு நாளும் போய், நடைக்குக் கூட்டிப்போங்கள், சீப்பைக் கையில் வாங்கிச் சீவிப் பாருங்கள். அம்மம்மாவையும் கூட்டிப் போங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் வாங்குங்கள், எங்களால் ஆன உதவி செய்வோம்.

ஏற்கெனவே வாங்கிச் சமாளிக்க முடியாமல் இருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பொறுப்பான வளர்ப்பாளர் எந்த வயதிலும் நாயைத் திருப்பி எடுப்பதாக அதில் எழுதியிருப்பார். இல்லையென்றால் வடதுருவ இன நாய்களைப் பொறுப்பெடுக்கும் குழுக்களை அணுகுங்கள். ‘இலவசம்’ என்று விளம்பரம் போட்டு யாரென்று தெரியாதவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த உணவு, எத்தனை கோப்பை, எந்தச் சொல்லுக்கு இருக்கும், எந்தச் சொல்லுக்கு வரும், எந்த நாயோடு சண்டை, யாரையாவது உறுமியதோ, கடித்ததோ உண்டா, எப்போது. கடித்ததை மறைத்துக் கொடுத்தால் அடுத்த வீட்டில் அடிபடுவது ஒரு பிள்ளையாக இருக்கலாம். மைக்ரோசிப் பதிவையும் அன்றைக்கே புதிய ஆளின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் மலமியூட்களை வளர்க்கும், பராமரிக்கும் சில தமிழர்